சீசர் மொராலெஸ் என்று ஒரு ஆளே கிடையாது

1985ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ‘ரெட்ஸ்’ என்று ஒரு பூல் பார்லர். அங்கே ஒன்பது பந்துப் போட்டி. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒல்லியான மீசைக்காரர் ஒருவர் சீசர் மொராலெஸ் என்று பெயர் கொடுக்கிறார். அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. எப்படிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அப்படி ஒரு ஆளே கிடையாதே!

நிஜப் பெயர் எஃப்ரன் ரெயெஸ். மணிலாவில் அப்படி ஒருவன் இருக்கிறான், அவனிடம் பணம் கட்டி ஆடிவிடாதே என்ற பேச்சு அவருக்கு முன்பே கடல் தாண்டிப் போய்விட்டது. சொந்தப் பெயரோடு நுழைந்தால் எதிரே நிற்க ஆள் சிக்காது. ஆகவே பெயரைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். போட்டியையும் ஜெயித்தார். அந்தப் பயணத்தில் சுமார் மூன்று வாரத்தில் 80,000 டாலருக்கு மேல் அள்ளினார் என்று பூல் பார்லர்களில் இன்றும் சொல்வார்கள். ரசீது கேட்காதீர்கள். அந்த வகைப் பணத்துக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை.

எல்லாக் காலத்துக்கும் பெரிய பூல் ஆட்டக்காரர் யார் என்ற சண்டையில் நான் தலையைக் கொடுக்கும்போதெல்லாம் இந்த வாசலிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கிரிக்கெட்டில் ரன் இருக்கிறது, சதுரங்கத்தில் ரேட்டிங் இருக்கிறது, கணக்குப் போட்டுச் சண்டை போடலாம். பூலில் கணக்குப் புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் பின்கட்டில் கிடக்கின்றன. திருட்டுப் பெயர், சினிமாவில் கடன் கொடுத்த கை, காப்பீட்டுக் கம்பெனியோடு வழக்கு, தவணையில் வருவதாகச் சொன்ன பரிசுப் பணம் என்று உள்ளே போகப் போக எனக்குத் தலைகால் புரியாத குஷி. வாருங்கள், ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம்.

அதற்கு முன் ஒரு நிமிடம். நம்மூர் கிளப்புகளில் பச்சைத் துணி மேஜை என்றால் ஸ்னூக்கர்தான் முதலில் நினைவுக்கு வரும். வந்தால் தப்பில்லை, அதன் விதிகளை 1880களில் எழுதி மாட்டியதே ஊட்டி கிளப்பில்தான். பூல் அதன் பங்காளி. மேஜை 12 அடி இல்லை, 9 அடி. பந்துகளில் எண் இருக்கும். ஒன்பது பந்து ஆட்டத்தில் மேஜையில் இருப்பவற்றில் மிகச் சிறிய எண்ணை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை விதிப்படி போடுகிறவருக்கு அந்தச் சுற்று; பூல் பேச்சில் அது ஒரு ‘ரேக்’. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் கட்சி வில்லி மஸ்கோனி கட்சி. இவர்கள் கொஞ்சம் வயதானவர்கள், கோட்டு போட்டவர்கள், குரலை உயர்த்தமாட்டார்கள். உயர்த்தத் தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். 1941க்கும் 1957க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம்! பேச்சு முடிந்தது என்பார்கள்.

முடியவில்லை, பின்கட்டுக்கு வாருங்கள். பிலடெல்பியாவில் மஸ்கோனியின் அப்பாவே பூல் கூடம் நடத்தினார். பிள்ளை மேஜைப் பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டுப் பந்துகளைப் பூட்டி வைத்துவிட்டார். பிள்ளை என்ன செய்தான்? அடுப்படியிலிருந்து உருளைக்கிழங்கு, துடைப்பக் கட்டை. ராத்திரியில் கிழங்குகளைத் துடைப்பத்தால் குத்தித் துளைகளுக்குள் தள்ளினான். உருளைக்கிழங்கு எந்தப் பக்கம் உருளும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதைக் கட்டுப்படுத்திப் பழகியவனுக்கு உருண்டைப் பந்து எம்மாத்திரம்? தன் சுயசரிதையில் அவரே சொன்ன கதை இது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், எனக்குக் கவலையில்லை. 1919இல், ஆறு வயதில், அன்றைய உலக சாம்பியன் ரால்ஃப் கிரீன்லீஃபோடு காட்சி ஆட்டம் ஆட நிறுத்திவிட்டார்கள். கிரீன்லீஃப் ஜெயித்தார். ஆனால் கூட்டம் பையனைப் பார்க்க வந்த கூட்டம்.

கிரீன்லீஃப் என்றதும் ஒரு கிளைக்கதை. உலகப் பட்டங்கள் சுமார் 20 என்று எண்ணுவார்கள், அதாவது மஸ்கோனியைவிட அதிகம். அழகன், குடிகாரன், மேடைப் பாடகியைக் கல்யாணம் செய்தவன். இருவரும் நாடகக் கொட்டகைகளில் பூல் ஆட்டத்தையே காட்சியாக நடத்தினார்கள். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மேஜை மேல்பரப்பு தெரியாதே? மேஜைக்கு மேல் பெரிய கண்ணாடியைச் சாய்த்துக் கட்டிவிட்டார்கள்! இன்றைக்குத் தொலைக்காட்சி மேலே கேமரா மாட்டிக் காட்டுகிறதே, அந்த வித்தையைக் கண்ணாடியாலேயே செய்துவிட்ட ஆட்கள். இந்த ஒரு கண்ணாடிக்காகவே கிரீன்லீஃபுக்கு நான் ஐந்து மதிப்பெண் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

மஸ்கோனிக்குத் திரும்புவோம். 1954 மார்ச், ஓஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. ‘ஸ்ட்ரெய்ட் பூல்’ என்ற பழைய ஆட்டம்; எந்தப் பந்தை எந்தத் துளையில் போடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும், தவறும்வரை போட்டுக்கொண்டே போகலாம். அன்றைய காட்சி ஆட்டத்துக்கு 200 போதும். மஸ்கோனி 200ஐத் தொட்டார், நிறுத்தவில்லை. 300. 400. எதிராளி உட்கார்ந்த நாற்காலி சூடேறியிருக்கும். கடைசியில் ஒரு பந்து தவறியபோது எண்ணிக்கை 526. கேமரா கிடையாது. வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டார்கள்! நிலப் பத்திரம் பதிவது போல ஒரு சாதனையைப் பதிந்து வைத்த அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

எதிர்க்கட்சி உடனே டேப்பை எடுத்துக்கொண்டு வரும். அந்த மேஜை எட்டடி மேஜை, ஐயா! 2019இல் ஜான் ஷ்மிட் 626 போட்டார், 2022இல் ஸ்காட்லாந்தின் ஜேசன் ஷா 714 போட்டார், அதெல்லாம் வீடியோவிலேயே இருக்கிறது என்பார்கள். மஸ்கோனி கட்சி அசராது. இவர்கள் சாதனைக்கென்றே மேஜையைத் தயார் செய்துகொண்டு, நாள் கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றவர்கள். எங்கள் ஆள் போகிற வழியில் ஒரு ஊரில் இறங்கி, அங்கே கிடந்த மேஜையில் ஆடினார். துளையின் வாய் எத்தனை அங்குலம், துணி புதியதா பழையதா என்று இது விடிய விடியப் போகும். நான் இந்த இடத்தில் வழக்கமாக எழுந்து டீ போடப் போய்விடுவேன்.

ஆனால் மஸ்கோனியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த பின்கட்டுக் கதை சினிமாக் கதை. 1961இல் ‘தி ஹஸ்லர்’ வந்தது. ஹஸ்லர் என்றால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நடித்து, ஆசை காட்டி, பந்தயப் பணத்தை உருவுகிறவன். நாயகன் பால் நியூமனுக்கு அதற்கு முன் பூல் தெரியாது. வீட்டுச் சாப்பாட்டு அறையில் மேஜையைப் போட்டுப் பழகினார். கற்றுக்கொடுத்தவர் மஸ்கோனி. திரையில் கஷ்டமான ஷாட் வரும்போது முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். அந்தக் கை பல இடங்களில் நியூமனுடையது இல்லை, மஸ்கோனியுடையது! போதாததற்கு, பந்தயப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆளாக, வில்லி என்ற பெயரிலேயே ஓரமாக நிற்கிறார். எதிரே ஆடும் ஜாக்கி கிளீசன் மட்டும் தன் ஷாட்டுகளைப் பெரும்பாலும் தானே ஆடினார், அவர் நிஜமாகவே ஆடத் தெரிந்தவர். இருபத்தைந்து வருடம் கழித்து ‘தி கலர் ஆஃப் மணி’ எடுத்தபோது டாம் குரூஸும் அப்படித்தான், ஒரே ஒரு ஷாட் தவிர. இரண்டு பந்தைத் தாண்டி வெள்ளைப் பந்தைக் குதிக்க வைக்கும் ஷாட். குரூஸ் பழகிவிடுவார், ஆனால் இரண்டு நாள் படப்பிடிப்பு நிற்கும் என்று கணக்குப் போட்ட இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, அதை மைக் சீகல் என்ற சாம்பியனிடம் கொடுத்துவிட்டார். ஆக, ஹாலிவுட்டிலும் பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. ஹூஸ்டனில் நடந்ததற்கு நேர் எதிர்.

பெயரைத் திருடியவர் கதையும் இதிலேயே இருக்கிறது. படத்தில் கிளீசன் நடித்த பாத்திரத்தின் பெயர் மினசோட்டா ஃபேட்ஸ். ருடால்ஃப் வாண்டரோன் என்ற குண்டு மனிதர் ஒருவர், ‘அது நான்தான், என்னை வைத்துத்தான் எழுதினார்கள்’ என்று கிளம்பினார். அதுவரை அவர் நியூயார்க் ஃபேட்ஸ்! மூல நாவலை எழுதிய வால்டர் டெவிஸ் இல்லவே இல்லை என்று மறுத்தார். யார் கேட்டார்கள்? பெரிய போட்டி ஒன்றையும் ஜெயிக்காத வாண்டரோன், வாய் ஒன்றை வைத்தே அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பூல் ஆட்டக்காரர் ஆகிவிட்டார். 15 பட்டக்காரர் மஸ்கோனிக்கு வயிறு எரியாதா? 1978 பிப்ரவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இருவரையும் மோதவிட்டு ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வர்ணனை ஹோவர்டு கோசெல். ஃபேட்ஸ் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அறுபத்து நான்கு வயது மஸ்கோனி பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தார். ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது ஃபேட்ஸைத்தான். பூலில் பட்டியல் போடுகிறவர்களுக்கு நான் இந்தப் போட்டியைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

கதவையே திறக்காத அறைகளும் உண்டு. சிசரோ மர்ஃபி கறுப்பர் என்பதால் பெரிய போட்டிகளுக்கு வருடக்கணக்கில் அழைக்கப்படவில்லை. 1965இல் கலிபோர்னியாவின் பர்பேங்கில் ஒருவழியாக உள்ளே விட்டார்கள். முதல் முயற்சியிலேயே உலகப் பட்டம். அதற்கு முன் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புரூக்ளின் பெண் ஜீன் பலூகஸ் 1972 முதல் 1978 வரை ஏழு வருடமும் தொடர்ந்து அமெரிக்க ஓபனைத் தூக்கிச் சென்றார், முதல் முறை பதின்மூன்று வயது! ஆண்களோடும் ஆடினார். 1988இல் ஒரு தகராறில் மனம் வெறுத்து, உச்சத்தில் இருக்கும்போதே ஆடும் கோலான க்யூவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இங்கிலாந்திலிருந்து ஸ்னூக்கரை விட்டுவிட்டு வந்த அலிசன் ஃபிஷர் பெண்கள் பூலையே தன் வீட்டு முற்றம் ஆக்கிக்கொண்டார். பெரிய பட்டியல்களில் இவர்கள் பெயரை ஒரு தனிக் கட்டத்தில் போட்டு மூடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.

சரி, அடுத்தது ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் கட்சி. காதைப் பொத்திக்கொள்ளுங்கள், இவர்கள் சத்தம் போடுவார்கள். தலைவரே அப்படித்தான். பார்வையாளரிடம் சண்டை, நடுவரிடம் சண்டை, துணியிடம் சண்டை, ஏசியிடம் சண்டை. பின்னாளில் கையில் உறை, தோளுக்குக் கீழே எடைப்பட்டை, காதில் சத்தம் தடுக்கும் கவசம், வழக்கத்தைவிட நீளமான க்யூ என்று ஏதோ விண்வெளிக்குக் கிளம்புகிறவர் மாதிரி வந்து நிற்பார். ஆனால் அடிக்க ஆரம்பித்தால்! அமெரிக்க ஓபன் 5 முறை. உலக ஒன்பது பந்துப் பட்டம் 3 முறை. எஃப்ரனுக்கோ தலா ஒன்றுதான். கோப்பையை எண்ணுவதுதான் சண்டையென்றால் ஏர்ல் கட்சி நடுராத்திரிக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும்.

இவர்களிடமும் ஒரு பின்கட்டுக் கதை உண்டு, சும்மா சொல்லக்கூடாது, அபாரமான கதை. 1996, டாலஸ். போட்டியில் தொடர்ந்து பத்து ரேக், எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஜெயித்தால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். யாராலும் முடியாது என்ற நம்பிக்கையில் அந்தத் தொகைக்கு ஒரு காப்பீடும் எடுத்து வைத்தார்கள். ஏர்ல் பத்தைப் போட்டார். போட்டுவிட்டுக் கை சும்மா இருக்காமல் பதினொன்றும் போட்டார்! காப்பீட்டுத் தரப்பு பணம் தரத் தயங்கி, விவகாரம் வழக்குக்குப் போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது. எவ்வளவு கைக்கு வந்தது என்று வெளியே சொல்லவில்லை. பூல் வரலாற்றின் மிகப் பெரிய ஷாட்டுக்கான தொகை ஒரு வக்கீலின் கோப்புக்குள் கிடக்கிறது, பாருங்கள்.

அதே 1996இல்தான் ஹாங்காங். இதைச் சொல்லும்போது எனக்குக் கை பரபரக்கும். ஏர்லும் எஃப்ரனும் மட்டும். மூன்று நாள். முதலில் 120 ரேக் ஜெயிப்பவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்குப் பரிசில் பங்கே கிடையாது. ஏர்ல் நன்றாக முன்னேறி ஓடிக்கொண்டிருந்தார். எஃப்ரன் அவசரப்படுகிறவர் இல்லை, தலையைச் சொறிந்துகொண்டே பின்னால் நடந்தார். ஒவ்வொரு ரேக்காக இடைவெளி குறைந்தது. முடிவு: 120க்கு 117. இருநூற்று முப்பத்தேழு ரேக் ஆடி, வித்தியாசம் மூன்று! எஃப்ரன் கட்சிக்கு இது வேதம். ஏர்ல் கட்சியோ, மூன்று ரேக்கெல்லாம் ஒரு வித்தியாசமா, அது காசு சுண்டுவது மாதிரி என்று சொல்லும். கணக்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் ஒரு வருடம் முன்னால் ரீனோ நகரில், சாண்ட்ஸ் ரீஜென்சி போட்டியில் நடந்த ஒரே ஒரு ஷாட். மறுபடியும் ஏர்ல், மறுபடியும் எஃப்ரன், கடைசி ரேக். ஐந்தாம் பந்தை நேராகப் பார்க்க முடியாத இடத்தில் வெள்ளைப் பந்தை ஒளித்து வைத்துவிட்டு ஏர்ல் உட்கார்ந்தார். அந்த நிலையில் தொட்டாலே பெரிது. எஃப்ரன் க்யூவைத் தூக்கி ஒரு கோணம் பார்த்தார், இன்னொரு கோணம் பார்த்தார், அடித்தார். வெள்ளைப் பந்து மேஜை ஓரத்துக் குஷன் ஒன்றில் மோதி, குறுக்கே ஓடி எதிர்க் குஷனில் மோதி, திரும்பி வந்து ஐந்தாம் பந்தைத் தொட்டது மட்டுமா, அதைத் துளைக்குள்ளும் தள்ளிவிட்டு, அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் சமர்த்தாகப் போய் நின்றது. போன பாதை ஆங்கில இசட் எழுத்து. அதனால் ‘இசட் ஷாட்’. மேஜையை முடித்து, போட்டியையும் ஜெயித்தார். இந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று என் வீட்டில் கேட்காதீர்கள். ஷாட்டைவிட அதற்குப் பின் வரும் அரை நொடிதான் எனக்கு முக்கியம். அரங்கமே எழுந்து கத்துகிறது. அடித்தவர் முகத்தில், கடையில் சரியான சில்லறை வாங்கியவரின் நிம்மதி.

இந்தக் காலத்து ஆட்கள் பெரியவர்கள் இல்லையா என்று இளைஞர் கட்சி கேட்கும். பெரியவர்கள்தான். கேட்கும் திறன் குறைவாகப் பிறந்த ஷேன் வான் போனிங், காதுக் கருவியை அணைத்துவிட்டு மௌனத்துக்குள் ஆடுவார். ஏர்லைப் போல 5 அமெரிக்க ஓபன், 2022இல் உலகப் பட்டம். ஜோஷுவா ஃபில்லர் இருபத்தோரு வயதில் உலக சாம்பியன். ஃபெடோர் கோர்ஸ்ட் 2019இலும் 2024இலும். இப்போது ஃபார்கோ ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறது. இருவருக்கு நடுவே 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் ஒரு ரேக் தோற்பதற்கு இரண்டு ரேக் ஜெயிப்பார். சுத்தமான கணக்கு. துடைப்பக்கட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் எவ்வளவு புள்ளி போடுவது என்றுதான் அதில் வழியில்லை.

என் ஓட்டு எஃப்ரனுக்கு. பம்பாங்கா மாகாணத்திலிருந்து ஐந்து வயதில் மணிலாவுக்கு வந்து, மாமா கவனித்த லக்கி 13 பூல் கூடத்தில் வளர்ந்த பையன். கை எட்டாதபோது கோக் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று ஆடினான். ராத்திரி கடை மூடியதும் அதே மேஜை மேல் படுத்துத் தூங்கினான். அங்கே இன்னொரு எஃப்ரன் இருந்ததால் இவனை ‘பாட்டா’ என்று கூப்பிட்டார்கள். செருப்புக் கம்பெனி இல்லை, அவர்கள் மொழியில் சின்னப் பையன் என்று அர்த்தம். எழுபதைத் தாண்டியும் அவர் பாட்டாதான். 1994இல் அமெரிக்க ஓபனை ஜெயித்த முதல் வெளிநாட்டுக்காரர், 1999இல் உலக ஒன்பது பந்து, 2004இல் உலக எட்டுப் பந்து. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு துளை என்று ஒதுக்கி ஆடும் ‘ஒன் பாக்கெட்’, பந்தயக்காரர்களின் மூளையாட்டம். அமெரிக்கர்களின் அந்தக் குலதெய்வக் கோயிலிலும் போய் பூசாரியாக உட்கார்ந்துவிட்டார். ஏர்ல் ஒரு ஆட்டத்தின் ராஜா. மஸ்கோனி இன்னொன்றின் ராஜா. எந்த மேஜையைக் காட்டினாலும் இவர் ஆடுவார்.

2006இல் ரீனோவில் ஒரு எட்டுப் பந்துப் போட்டியில் முதல் பரிசு ஐந்து லட்சம் டாலர். ஜெயித்தவர் எஃப்ரன். அதற்கு முன் பூலில் யாரும் பார்க்காத தொகை. காசோலை மாதிரி பெரிய அட்டையைப் பிடித்துப் படமெல்லாம் எடுத்த பிறகு, பரிசுப் பணத்தைத் தவணையாகத்தான் தர முடியும் என்று போட்டி நடத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஹூஸ்டனில் திருட்டுப் பெயரில் ஆடியபோது காசு கைமேல் வந்தது. நேர்மையாக ஆடியபோது தவணை.

2022 மே மாதம் ஹனோயில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டு. எஃப்ரனுக்கு வயது 67. அவர் ஆட வந்தது கேரம் பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்கு, அதாவது துளையே இல்லாத மேஜை. வியட்நாம் ரசிகர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொய்த்துவிட்டார்கள். தங்கள் நாட்டு ஆட்டக்காரருக்கு எதிராக அவர் அடித்த ஷாட்டுக்கும் கைதட்டினார்கள். வெண்கலம்தான் கிடைத்தது. ஆனால் பெயர்ப்பட்டியலில் அன்றைக்கு எழுதியிருந்தது எஃப்ரன் ரெயெஸ்.